அக்காவிடம் மட்டும் கேட்கவில்லை

என் அக்கா பஸ் டிரைவர். அவள் ஓட்டினால் டம்ளரில் தண்ணீர்கூடத் தளும்பாது என்பார்கள் டிப்போவில். இருபது வருஷ சர்வீஸில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. எனக்கு மருந்துக்கடை. வாய் கொஞ்சம் நீளம்.

ஷிஃப்ட் மாறி மாறி வந்ததில் அவளுக்குத் தூக்கம் போயிற்று. "பொட்டுத் தூக்கமில்லடா. இப்படியே ஸ்டியரிங்கைப் பிடிக்கப் பயமா இருக்கு" என்று கடைக்கு வந்தாள்.

"ப்பூ, இவ்வளவுதானா?" அமினோ அமில கேப்சூல் டப்பாவை நீட்டினேன். "உடம்பு தூக்க ஹார்மோனை இதுலேர்ந்துதான் செய்யுது. ஆராய்ச்சியே நிரூபிச்சிருக்கு!"

எந்த ஆராய்ச்சி? கம்பெனிக்காரன் கொடுத்த விளம்பரத் தாளைத் தாண்டி நான் எதையும் படித்ததில்லை. முன்பின் தெரியாதவர்களிடம்கூட "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டுத்தான் கொடுப்பேன். கூடப் பிறந்தவளிடம் என்னத்தைக் கேட்பது? 'தினம் இரண்டு' என்று டப்பாவில் எழுதியும் கொடுத்தேன், பெரிய மேதாவி!

நாலாம் நாள் காலை டிப்போவிலிருந்து போன். சீட்டில் உட்கார்ந்தவளுக்குக் கை நடுங்கி, வேர்த்துச் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டதாம். வண்டியை எடுக்காமல் சாவியைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள்.

அங்கே டாக்டரம்மா கையில் என் டப்பா. சொல்லலாம் என்று அக்கா தலையசைத்த பிறகுதான் சொன்னார்: "மனச்சோர்வுக்கு ஆறு மாசமா மாத்திரை சாப்பிடுறாங்க. அதுவும் இதுவும் மூளையில ஒரே ரசாயனத்தைத்தான் கூட்டும். சேர்த்துச் சாப்பிட்டா அது எக்கச்சக்கமா ஏறி இப்படித்தான் ஆகும். உடம்பு இதுலேர்ந்து ஹார்மோன் செய்யறது நிஜம்தான். ஆனா கேப்சூல் போட்டா தூக்கம் வரும்னு சொல்ல இருக்கிறதெல்லாம் சின்னச் சின்ன ஆய்வுங்கதான். நீங்க படிச்சீங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இல்லை என்று தலையாட்டினேன்.

டாக்டரம்மா எழுதிக் கொடுக்கும்வரை அக்கா வண்டி ஓட்டக் கூடாது. கட்டிலில் கையைக் கையால் பிடித்தபடி படுத்திருந்தாள்.

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல? மாத்திரையைக்கூட வேற கடையில போய் வாங்கியிருக்கியே!"

"போன வருஷம் ஒருத்தர் உன் கடையில இதே மாத்திரையை வாங்கிட்டுப் போனார். அவர் படி இறங்கறதுக்குள்ள, 'இன்னொரு கழண்ட கேஸு'ன்னு சிரிச்ச. நான் பக்கத்துலதான்டா நின்னேன்."

அந்த ஆள் எனக்கு நினைவில்லை. சிரித்தது நினைவிருந்தது. வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனேன்.

"டப்பாவைக் கொடுக்கும்போதே, வேற மாத்திரை சாப்பிடுறியான்னு நான் உன்னைக் கேட்டிருக்கணும்க்கா."

"கேட்டிருந்தாலும் இல்லன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள்.