முழங்கால் நீரில் ஊசிகள்

அறுபதுகளின் தொடக்கத்தில் அட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இரத்தமும் சளியும் சோதிப்பது என் வேலை. ஒருநாள் காலை வட்டவளையிலிருந்து ஒரு லொறி டிரைவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முழங்கால் வீங்கிச் சிவந்திருந்தது. போர்வை பட்டாலே அலறினார்.

யாழ்ப்பாணத்து டாக்டர் மூட்டிலிருந்து எடுத்த நீர் கலங்கலாக இருந்தது. "சீழ்தான். பின்னேரம் வெட்டித் திறக்கப் போறன்," என்றார்.

சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தேன். கிருமியைக் காணோம், வெள்ளை அணுக்கள்தான் மொய்த்துக் கிடந்தன. இன்னொரு துளியைச் சாயமில்லாமல் வைத்தேன். அணுக்களுக்குள் மெல்லிய கோடுகள். கண்ணாடித் தகட்டின் கீறலா? துடைத்தேன், வேறு தகடு மாற்றினேன். கோடுகள் போகவில்லை.

கௌட் என்ற மூட்டுவீக்க நோய் வந்தால் மூட்டில் உப்பு ஊசி ஊசியாகப் படியும், வெள்ளை அணுக்கள் அதை விழுங்கும், கூசும் ஒளியை வடிகட்டும் இரண்டு வில்லைகளுக்கு நடுவே அந்த ஊசிகள் ஒளிரும் என்று ஒரு மருத்துவ இதழில் படித்திருந்தேன். ஆனால் கண்ணால் கண்டதில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், கடைசியில் டாக்டரிடம் ஓடினேன்.

"டாக்டர், வெயில் கூச்சத்தை வடிகட்டுற ஒங்க கறுப்புக் கண்ணாடி வேணும். ரெண்டு வில்லையையும் கழட்டணும்."

"கிருமி இல்லையெண்டு உறுதியாச் சொல்லுவீரோ?"

"முடியாது. ஆனா நீங்க வந்து பாருங்க."

அவரே வில்லைகளைக் கழற்றினார். ஒன்றைத் துளிக்குக் கீழே வைத்து, மற்றதைக் கண் வைக்கும் இடத்தில் திருப்பினேன். எல்லாம் இருண்டது, ஊசிகள் மட்டும் ஒளிர்ந்தன. சில, அணுவைக் குத்திக்கொண்டு வெளியே நீட்டியிருந்தன. டாக்டர் நெடுநேரம் குனிந்திருந்தார்.

"நாளை வரைக்கும் பொறுத்துப் பாப்பம்," என்று, கௌட்டுக்கு விழுங்கும் குளிசை எழுதினார்.

அது சீழாகவே இருந்தால், என் பேச்சால் அந்த மனுஷனின் கால் போய்விடும். நாலு தடவை வார்டுக்குப் போய் அவருடைய காய்ச்சலைப் பார்த்தேன்.

"என்ன மிஸ்ஸி, சும்மா சும்மா வர்றீங்க? நான் சாகப்போறேனா?"

"இல்லீங்க. காலுக்குள்ள ஊசி மாதிரி உப்பு படிஞ்சிருக்கு."

"ஊசியா?" மனைவி பக்கம் திரும்பினார். "நான் அப்பவே சொன்னேன்ல, எவனோ செய்வினை வச்சிட்டான்னு!"

எவ்வளவு விளக்கியும் அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவராகவே முழங்காலை மடக்கினார். மூன்றாம் நாள் சுவரைப் பிடித்து நடந்தார். எனக்கு மட்டும் நிம்மதி இல்லை; மிச்சமிருந்த துளிகளில் கிருமியைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

போகிற அன்று, "நேரா கோயிலுக்குத்தாங்க, செய்வினைய எடுக்கணும்," என்றார் மனைவி. அவர்களை ஏற்ற வந்த லொறியும் கிளம்பிவிட்டது. குளிசைப் பொட்டலம் கட்டிலிலேயே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு மழையில் பின்னால் ஓடினேன்.