அரிசி டிரம்மில் வைத்தது

ஜெயலீலாவுக்கு டல்லாஸை அடுத்த இர்விங் ஊர்த் தமிழர்கள் வைத்த பேர் 'சாவி ஆன்ட்டி'. யார் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போனாலும் உட்காரும் முன்பே, "வீட்ல கன் இருக்கா? பூட்டி வச்சிருக்கீங்களா? சாவி யார்கிட்ட?" என்று கேட்டுவிடுவாள். முகத்துக்கு நேரே சிரித்தவர்களும் உண்டு. சிரிக்கட்டுமே! அவள் பட்டது அவளுக்குத்தான் தெரியும்.

பாளையங்கோட்டையிலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்தவள். எண்பத்தைந்தாம் வருஷம் பக்கத்து அபார்ட்மென்டில் திருடன் புகுந்ததும், கணவர் பிலிப் பயந்துபோய் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். வாங்கியதை எங்கே வைத்தார்கள் என்கிறீர்கள்? ஊரில் நகையை ஒளிக்கிற இடத்தில்தான், அரிசி டிரம்முக்குள். திருடனுக்குத் தெரியாது, சரி. தினமும் அரிசி களைந்து வைக்கிற மகன் ரூஃபஸுக்குமா தெரியாது? பதினாலு வயசுப் பையன். படித்த இரண்டு பேருக்கும் அந்தப் புத்தி வரவில்லை.

ஒருநாள் ராத்திரி டியூட்டி முடிந்து காலையில் வந்தவள், உலை வைக்க அரிசிக்குள் கைவிட்டாள். விரலில் இரும்பு தட்டவில்லை. டிரம்மையே கவிழ்த்தாள். தரையெல்லாம் அரிசி, துப்பாக்கியைக் காணோம். ரூஃபஸ் அப்போதே பள்ளிக்கூடம் போயிருந்தான். 

பிலிப்பை ஆபீஸ் ஃபோனில் பிடித்தாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடாதே, நானே போய்ச் சத்தமில்லாமல் கூட்டி வருகிறேன் என்று கெஞ்சினார். போலீஸ் வந்தால் பையன் வாழ்க்கையே போச்சு என்றார். அவர் டல்லாஸிலிருந்து வந்துசேர அரை மணி நேரமாவது ஆகும்.

"மத்த பிள்ளைங்களும் ஒருத்தி பெத்ததுதாங்க," என்றாள் ஜெயலீலா. ஃபோனை வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போட்டாள்.

வகுப்பிலேயே பையைத் துப்பாக்கியோடு பிடுங்கிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மகனை மட்டும் விலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள்.

சிறுவர் காவல் இல்லத்தில் அவனைப் பார்த்ததும், ஏன்டா இப்படிச் செய்தாய் என்று அழுதாள். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டின்போது பையன்கள் கூட்டம் ஒன்று இரண்டு வருஷமாக அவன் தட்டில் துப்பி வந்ததை இங்கிலீஷில் சொன்னான். வீட்டில் தினமும் மார்க்கைத்தான் கேட்டார்கள். இதை யாரும் கேட்டதே இல்லை. பாவி, நான் கேட்கவில்லையே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அவன் வெளியே வந்ததும், மறு வருஷம் வேறு பள்ளிக்கூடம். தினமும் சாயங்காலம் அவளுக்கு ஒரே கேள்வி: "இன்னைக்கு யாரோட உட்கார்ந்து சாப்பிட்ட?"

"நோபடி," என்பான். மாதக்கணக்கில் அதே பதில். அவளும் விடவில்லை.

ஒருநாள் அரிசி அளந்துகொண்டே கேட்டாள்.

"வித் டேனி," என்றான்.

கையிலிருந்த கப்பைக் கீழே வைத்துவிட்டு, டிரம் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.