சம்பவம் எதுவும் இல்லை என்று நான் எழுதிய பதினொரு மாதங்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மணி,

இதனை வாசிக்கப்போகிறவர் யாரென நான் அறியேன். ஆதலால் இருவரையும் விளித்தே தொடங்குகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஒருகொடவத்தையில் ஒரு களஞ்சியத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மூட்டைகளைச் சரிபார்த்தேன். பொதிகளைச் சுற்றிவந்த பழைய பத்திரிகைத் தாள்களே எனக்கு எழுத்துப் பழக்கின. எவருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தவனல்லன். ஆயினும் கொட்டாஞ்சேனையில் எங்கள் தோட்டத்தார் என்னை மாஸ்டர் என்றே அழைப்பர். மின்சாரத்துக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அவர்கள் கொடுக்கும் கடிதங்களை நானே எழுதுவது வழக்கம்.

தோட்டம் என்று இங்கே சொல்வது மரஞ்செடிகள் உள்ள இடமன்று. ஓர் ஒழுங்கை, அதன் இருபுறமும் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், நடுவே பொதுக்குழாய், வெளியேற ஒரே வாசல். அந்த வாசலைப் பற்றித்தான் சண்டை. முன்வரிசையில் இருக்கும் ஓட்டோக்காரர் தமது ஓட்டோவை வாசலின் குறுக்கே நிறுத்துவார். பின்வரிசை மீன் வியாபாரி விடியற்காலையில் தள்ளுவண்டியை வெளியே எடுக்க முடியாமல் நிற்பார். ஒரு நாள் ஓட்டோவின் பின்னிருக்கையில் மீன் கழுவிய தண்ணீர் ஊற்றப்பட்டிருந்தது. மறுநாள் மீன் வியாபாரியின் தலையில் ஜாக்கிக் கம்பி விழுந்து ஏழு தையல். அதன் பிறகு அவர் மீன் வெட்டும் கத்தியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நடந்தார். அடுத்த முறை ஒருவர் செத்தே போவார் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அக்காலத்தில்தான் நகர நிருவாகத்தின் திட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அம்மணி வந்தார். சனசமூக மண்டபத்தில் கூட்டம் வைத்தார். வன்முறை நடந்த பின் பொலிசை அனுப்புவதைவிட, நடக்கும் முன்னே தடுப்பதற்கு நகரம் பணம் ஒதுக்கியிருக்கிறது என்றார். தோட்டத்திலேயே ஒருவரைத் தெரிவுசெய்து இணக்கப்படுத்துநராக நியமிப்பார்களாம். மாதக் கொடுப்பனவு உண்டாம். பதினொரு மாதங்களின் முடிவில் மாதாந்த அறிக்கைகளைப் பார்த்து, தேவை இருந்தால் இன்னோர் ஆண்டு நீடிப்பார்களாம். கொடுத்த படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், முரண்பாட்டில் ஈடுபடக்கூடியோரின் பெயர்களும் வீட்டிலக்கங்களும் கேட்கப்பட்டிருந்தன.

எனக்கு அந்த இடத்திலேயே மனம் சுருங்கிவிட்டது. பெயரும் வீட்டிலக்கமும் கேட்டு வந்தவர்களை நாங்கள் கலவரத்துக்கு முன்னும் கண்டவர்கள். அவர்களும் சிரித்த முகத்தோடுதான் வந்தார்கள்.

தெரிவானவரைப் பார்த்தபோது சந்தேகம் இரட்டித்தது. அவர் எங்கள் தோட்டத்து முஸ்லிம் மனிதர், ஐம்பது வயது, எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன். இளமையில் ஒருவரின் தாடையை உடைத்துச் சிறை சென்றவர். பின்னர் கொள்கலன் முற்றத்தில் பாரம் இறக்கியவர். இப்படிப்பட்டவரை நகரம் எதற்காகத் தேடிப் பிடித்தது? அவர் அந்த இரண்டாம் பக்கத்தை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் பெயர்களை வாயால் சொல்லிவிட்டார் போலும் என்றே எண்ணினேன்.

அவருக்கு எழுத வராது. ஆகவே மாதம் முடியும்போது படிவத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்.

"மாஸ்டர், நான் செல்லுறன், நீங்க எழுதுங்க."

"நடந்த சம்பவம் என்ன?"

"ஒண்டும் நடக்கல்ல."

"எடுக்கப்பட்ட நடவடிக்கை?"

"ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் பெய்த்து டீ குடிச்ச."

"தேநீர் குடிப்பது ஒரு நடவடிக்கையா?"

"எங்கட ஆக்களுக்கு அதுதான் மாஸ்டர் பெரிய நடவடிக்க. பேய் மாதிரி முகத்த வெச்சிக்கொண்டு குடிச்சானுகள், நீங்க பாத்தீக்கணும்."

நான் பேனாவை மூடி வைத்தேன். களஞ்சியத்தில் வராத மூட்டையை வந்ததாக நான் ஒருநாளும் குறித்ததில்லை. "சம்பவம் எதுவும் இல்லை. நடவடிக்கை எதுவும் தேவைப்படவில்லை" என்று வரிகள் கோணாமல் எழுதிக் கொடுத்தேன். அவர் கைநாட்டு வைப்பதுபோல் தமது பெயரைக் கீறிவிட்டுப் போனார்.

இப்படி நான்கு மாதங்கள். அவர் ஊதியத்துக்குத் தேநீர் குடிக்கிறார் என்ற எண்ணம் எனக்குள் முற்றியது. ஒரு நாள் பிற்பகல் அவர் வழக்கமாகச் செல்லும் கடைக்கு அவருக்கு முன்னரே போய், மூலை மேசையில் பத்திரிகையை விரித்துக்கொண்டு அமர்ந்தேன். உளவு பார்த்தேன் என்றுதான் இதற்குப் பெயர்.

நானா வந்தார். ஒரு பக்கம் ஓட்டோக்காரர், மறுபக்கம் மீன் வியாபாரி. இருவரும் ஒருவரையொருவர் பாராமல் எதிரெதிரே அமர்ந்தனர். கொழும்புக் கடைகளின் வழக்கப்படி, கேளாமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸும் பெட்டிஸும் வந்தன. வேண்டியதைத் தின்னலாம்; எழும்பும்போது வெயிற்றர் மிச்சத்தை எண்ணிக் குறைந்ததற்குக் காசு கேட்பார். சிறிது நேரத்தில் நானா எழுந்தார்.

"நான் அஸர் தொழுதிட்டு வாரன். ரெண்டு பேரும் இரிங்க."

அவர் போனபின் இருவரும் தட்டிலிருந்து எடுத்துத் தின்றனர். வெயிற்றர் வந்து தட்டைப் பார்த்தார்.

"அஞ்சு குறையுது. ஆரு எத்தனை?"

"நான் ரெண்டு," என்றார் ஓட்டோக்காரர், சுவரைப் பார்த்து.

"நானும் ரெண்டுதான்," என்றார் மீன் வியாபாரி, வாசலைப் பார்த்து.

"அப்ப அஞ்சாவதைத் திண்டது பூனையா?"

இருவரும் அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர்.

"நானா ஒண்டைக் கையில எடுத்துக்கொண்டெல்லோ எழும்பினவர்?"

"ஓம், நானும் கண்டனான். பெரிய ரோல்ஸாப் பாத்துத்தான் எடுத்தவர்."

"நகரத்துச் சல்லியில திண்டு கொழுக்கிறார். நாங்க இருந்து கணக்குச் சொல்லவேணும்!"

"விடுங்கோ. வந்தவுடன பிடிச்சுக் கேப்பம்."

இருவரும் சிரித்தார்கள். ஜாக்கிக் கம்பி விழுந்ததற்குப் பின் அவர்கள் பேசிய முதல் வார்த்தைகள் அவை. என் காதில் விழுந்ததோ ஒன்றே ஒன்று: நகரத்துப் பணத்தில் அவர் தின்கிறார். எனக்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்ற திருப்தியோடு வீடு வந்தேன். மறுநாள் காலை ஓட்டோ இரண்டடி தள்ளி நின்றது. தள்ளுவண்டி இடிபடாமல் வெளியேறியது. அதையும் கண்டேன். வாசலில் இடம் விடப்பட்டதை எழுதப் படிவத்தில் நிரல் இல்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சில வாரங்களில் மீன் வியாபாரியின் இடுப்பில் கத்தி இல்லை. அது கடைப்பலகையில் கிடந்தது. அந்த மாதமும் "சம்பவம் எதுவும் இல்லை" என்றே எழுதினேன். நானா ஒரு முறை மட்டும் கேட்டார்.

"கொஞ்சம் விரிச்சி எழுத ஏலாதா மாஸ்டர்?"

"எதை விரிக்க? நடக்காததையா?"

"ஓம். அது நடக்காம இருக்கத்தானே நான் இவ்வளவு நாளும் ஓடித் திரியிற."

பொய் எழுதச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பதினொன்றாம் அறிக்கைக்குப் பின் அந்த அம்மணி மீண்டும் வந்தார். "அங்கிள் எழுதினது ஹரி லஸ்ஸனய்," என்று என் எழுத்தின் அழகைப் புகழ்ந்தார். பின்னர் கோப்பை மூடினார். "இங்க ஒரு பிரச்சினையும் இல்லதானே? மற்ற இடத்தில மாசம் மாசம் பத்துச் சம்பவம் எழுதுறாங்க. சல்லி அந்தப் பக்கம்தான் போகும்."

அந்த மற்ற இடத்தையும் நான் நம்பவில்லை. அடிதடி இருந்தால்தான் சமாதானத்துக்குப் பணம் வரும் என்றால், மாதம் பத்து அடிதடி எங்கிருந்து வருகிறது என்று எவராவது போய்ப் பார்த்தார்களா? அதை அவரிடம் கேட்கவும் செய்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நானா என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நாலு பேர்ட மண்டய உடைய விட்டீந்தா, எனக்கு இன்னொரு வருஷம் கிடச்சீக்கும், என்ன மாஸ்டர்?" என்று சிரித்தார். அடுத்த திங்கட்கிழமை ஒருகொடவத்தைக்குப் பாரம் இறக்கப் போய்விட்டார். காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவார்.

ஆறு வாரங்கள் ஆகின்றன. ஓட்டோ முதலில் ஓரடி நகர்ந்து வந்தது. இப்போது வாசலின் முழுக் குறுக்கே நிற்கிறது. நேற்றுக் காலை மீன் வியாபாரி என் வீட்டு வாசலில் நின்றார். கத்தி மீண்டும் அவர் இடுப்பில் இருந்தது.

"மாஸ்டர், நானாவ ஒருக்கா வரச் சொல்ல ஏலாதா? என்னால இனிப் பொறுக்க ஏலாது."

"நீங்களே போய்க் கதைக்கலாமே?"

"நானா எழும்பிப் போனாத்தான் எங்களுக்குக் கதை வரும்," என்றார்.

உடனே நான் திட்ட அலுவலகத்துக்குப் பேருந்தேறினேன். முடிந்த அறிக்கைகளைத் திருத்த முடியாது என்றனர். எழுதிக் கொடுத்தால் கோப்பில் சேர்க்கலாம், மீளாய்வு நடந்தால் பார்க்கலாம் என்றனர். நடக்குமா என்று கேட்டதற்கு ஒருவர் மற்றவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் நம்பவில்லை. ஆதலால் இதனை இரு பிரதிகளாக எழுதியுள்ளேன். ஒன்று அவர்களுக்கு, மற்றது உங்கள் கையில் இருப்பது. நானாவை இன்றும் நான் முழுதாக நம்புகிறேன் என்று சொல்லமாட்டேன். ஐந்தாவது ரோல்ஸை அவர் வேண்டுமென்றே எடுத்தாரா, பசிக்கு எடுத்தாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் பதினொரு மாதங்கள் எங்கள் தோட்டத்தில் ஒருவர் சாகவில்லை. அது தானாக நடந்ததன்று. அதை எழுதவேண்டிய இடத்தில் எழுதாமல் விட்டவன் நான்.

அலுவலகத்துப் பிரதி தொலைந்து போகலாம். ஐயா, அம்மணி, இந்தப் பிரதியைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.