ஒரே ஒரு கட்டிலுக்கு

விரிப்பில் ரத்தக்கறையைப் பார்த்த பிறகுதான் விஜயராகவனுக்கு விஷயம் தெரிந்தது. கட்டிலின் கூர்மையான ஓரம் அவன் மனைவி சௌந்தர்யாவின் காலைக் கிழித்திருந்தது. அவளுக்கு வலிக்கவே இல்லை. அவள் ஷிப்டுக்குப் போன வேன் கவிழ்ந்ததிலிருந்து அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. அந்தப் புண் ஆறவும் மாதக்கணக்கானது.

விஜயராகவன் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்ப்பவன். தச்சுவேலை பழகியதில்லை. ஆனாலும் எங்கேயும் கூர் இல்லாத கட்டில் ஒன்றைத் தானே செய்துவிடுவது என்று இறங்கினான். மரத்தின் ஓரத்தை உருட்டும் ரவுட்டர் மெஷினைக் கூட வேலை செய்யும் காசிராஜன் இரவல் தந்தான். அதில் மாட்டுகிற பிட்டுகள், மரத்தைச் செதுக்கும் அலகுகள்தான் துருவேறிக் கிடந்தன.

"ஒரு கட்டிலுக்கோசரம் புதுசு எதுக்குப்பா? வல்லம் வடகால்ல ஒரு ஆசாரி செத்துட்டாரு. அவரு சாமானைக் குடுக்கறாங்களாம், போய்ப் பாரு" என்றான் காசிராஜன்.

இறந்துபோன தாவீதின் மனைவி ஜாஸ்மின் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். நாகர்கோவில் பக்கத்துக்காரி. பெட்டியில் எல்லாம் இருந்தன, ஓரம் உருட்டும் பிட்டைத் தவிர.

"அது மிஷின்லயே இருக்குண்ணே. வேலை பாத்துட்டு இருக்கும்போதே நெஞ்ச புடிச்சிட்டு உக்காந்தாவ. அதுக்கப்புறம் யாரும் தொடல்ல."

"அப்ப வேணாம்மா."

"எடுத்துக்கிடுங்க. மிஷினு எங்க அண்ணனுக்குப் போவுது, எப்படியும் கழத்தத்தான் போறாவ. எதுக்குண்ணே, கட்டிலுக்கா?"

"வூட்ல அவங்களுக்கு. கால்ல அடிபட்டாத் தெரியாது அவங்களுக்கு."

அவள் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மிஷினில் பிட்டைப் பிடித்து இறுகிக் கிடந்த மூடியை அவன் திருகியபோது உள்ளே தங்கியிருந்த மரத்தூள் தரையில் உதிர்ந்தது.

"கூட்டிடட்டுமா?"

"வேண்டாம்ணே. கெடக்கட்டும்."

லீவு நாட்களில் உட்கார்ந்து கட்டிலை முடித்தான். திருகாணியின் தலைகூடக் காலில் படக்கூடாதென்று மூட்டுகளைப் பசை போட்டே இறுக்கினான். சௌந்தர்யாவைத் தூக்கிப் படுக்கவைத்தபோது ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"எங்க முடியுதுன்னே தெரியல" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

மழைக்காலம் வருவதற்குள், பகலில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி ஜாகை மாறிப் போய்விட்டாள். வேறு ஆள் கிடைக்கவில்லை. லீவும் தீர்ந்துவிட்டது. காஞ்சிபுரத்திலிருந்து சௌந்தர்யாவின் அண்ணன் ஏகாம்பரநாதன் வந்தார்.

"மாப்ள, நீ ஷிப்டுக்குப் போயிட்டா அதுக்குத் தண்ணி குடுக்கக்கூட ஆளில்ல. அங்க அம்மா கீது, நாங்க கீறோம்."

விஜயராகவனால் மறுக்க முடியவில்லை. அவளோடு கட்டிலையும் லோடு ஆட்டோவில் ஏற்றிப் போனார்கள். ஏகாம்பரநாதனின் வீடு மாடியில். படி திரும்புகிற இடத்தில் கட்டில் சிக்கிக்கொண்டது. பசை போட்ட மூட்டு, கழற்ற வழியில்லை. அறுத்தால் ஏற்றலாம் என்றார்கள். அறுத்த இடமெல்லாம் மறுபடி கூராகிவிடும் என்று அவன் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். இருங்காட்டுக்கோட்டையில் அவர்கள் குடியிருந்த வாடகை அறையில் அது பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அவன் கீழே பாயில் படுக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காஞ்சிபுரம் போகிறான். அங்கே அவளுக்கு இரும்புக் கட்டில். அதன் சட்டத்தில் பழைய சேலையைச் சுற்றிக் கட்டிவிட்டு வருவான். ஒரு வாரத்தில் அது நழுவியிருக்கும். போனதும் போர்வையை விலக்கி அவள் காலைத்தான் முதலில் பார்க்கிறான்.

"இன்னா பாக்கற? ஒண்ணுமில்ல" என்பாள்.

ஒன்றுமில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும். சேலையை அவிழ்த்து மறுபடி சுற்றுவான்.