துரைக்கு வாங்கிய கேக்

எங்கள் ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணிக்கு மூக்குதான் முக்கால் முகம். வெள்ளைக்காரத் துரைக்குக் கிறிஸ்துமஸ் கேக் கொடுக்க, பினாங்குக் கடைகளையெல்லாம் முகர்ந்து தீர்த்துத்தான் ஒன்றை வாங்குவார். குலுங்காமல் மடியில் வைத்து, ரிக்‌ஷாவில் தானே கொண்டுபோய்க் கொடுப்பார்.

ஒரு வருஷம் புத்தாண்டு முடிந்ததும் துரை அவருக்கு ஆபீசுக்கே பரிசு அனுப்பினார். அதே கேக், இவர் கட்டிய சிவப்பு நாடாகூட அவிழவில்லை. பிரித்தால் பச்சைப் பூசணம்.

"ஐயா, கெட்டுப்போச்சு. தூக்கிப் போட்டுடுங்க," என்றேன்.

"துரை வீட்டுலேருந்து வந்தது லா, தம்பி. கெடுமா?" என்றவர், முகராமலே ஒரு துண்டை விழுங்கினார்.

மூன்று நாள் லீவு. நான்காம் நாள் கன்னம் ஒட்டிப்போய் வந்தார்.

"கேக்குல குத்தமில்ல, தம்பி. என் வயித்துக்குத்தான் மரியாதை தெரியல."

அவ்வளவு பெரிய மூக்கு, துரை பெயரைக் கேட்டதும் எப்படி அடைத்துக்கொண்டது என்று இன்றும் யோசிக்கிறேன்.