கடல் மட்டத்திலிருந்து எங்கள் வீடு

போன வாரம் பெங்களூர் பழைய ஏர்போர்ட் பக்கம் போயிருந்தேன். எங்கள் வீட்டை, அதாவது நாங்கள் விற்றுவிட்ட வீட்டை, இடிக்க ஆரம்பித்துவிட்டதாகத் தெருக்காரர்கள் போன் பண்ணிச் சொன்னார்கள். போகாதே என்றது புத்தி. என் கால் என்றைக்குப் புத்தி சொல்லிக் கேட்டிருக்கிறது? ஆட்டோவை விட்டு இறங்கும்போதே அந்த வாசனை மூக்கில் ஏறியது. காஸ் கட்டர் வைத்து இரும்பை அறுத்தால் வருமே, தொண்டையெல்லாம் கரிக்கிற வாசனை, அதுதான். மொட்டை மாடியில் அப்பாவின், எங்கள் நைனாவின், கம்பிகளை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பி என்றால் உங்களுக்கும் தெரிந்த கம்பிதான். கையில் காசு இருக்கிற மட்டும் கீழ்வீட்டைக் கட்டி முடித்துவிட்டு, நாளைக்கு மாடி எடுக்கலாம் என்று தூண் கம்பிகளை மொட்டை மாடியில் நீட்டி விட்டுவைப்போமே, அது. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் நைனா அதற்குச் சிமெண்ட் பால் பூசுவார், துருப்பிடிக்கக் கூடாதாம். அம்மா அதில் கொடி கட்டித் துணி உலர்த்துவாள். என்னுடைய நல்ல தாவணி ஒன்று அதில் மாட்டிக் கிழிந்தபோது நான் கம்பியைத் திட்ட, நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதை ஒண்ணும் சொல்லாதே. உங்க அண்ணனோட வூடு அது."

நைனா கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவரோடு ஒரே ஷிப்டில் இறங்கிய சொந்தத் தம்பி, பாறை வெடித்துச் சரிந்ததில் உள்ளேயே தங்கிவிட்டார். அதைப் பற்றி நைனா வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. ஆனால் சுரங்கம் மூடி, வந்த பணத்தை எடுத்துக்கொண்டு பெங்களூருக்கு வந்தபோது தரகர் இரண்டு சைட்டுகள் காட்டினார். ஒன்று ஏரிப் பக்கம் பள்ளத்தில், விலை சல்லிசு. மற்றது மேட்டின் உச்சியில். "பள்ளத்துல இருந்தது போதும்பா" என்று மேட்டையே வாங்கினார். பேரம்கூடப் பேசவில்லை என்று அம்மா சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த மேட்டுக்கு மேலேதான் விமானங்கள் இறங்கும். அடேயப்பா, என்ன சத்தம்! பாத்திரமெல்லாம் நடுங்கும். பேச்சுக்கு நடுவே விமானம் வந்தால் பேசுகிறவர் அப்படியே நிறுத்திவிட வேண்டும், அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை, அதுவாகவே எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. அம்மா நைனாவைத் திட்டும்போதும் இதே கதைதான். கையை ஓங்கியபடி நிற்பாள். சத்தம் அடங்குவதற்குள் முக்கால்வாசிக் கோபம் போயிருக்கும். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிடும், அவனைப் பார்த்து எல்லோரும் சிரிப்போம். ஆபீசில் சேர்ந்த புதிதில் நான் வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிட்டு மேலே பார்ப்பேன். என்னைக் கொஞ்சம் ஒரு மாதிரி என்றே நினைத்திருப்பார்கள்.

அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் நைனா மாடிக்கு அனுமதி கேட்டு ஏர்போர்ட் ஆபீசுக்கு ஓடினார். துணைக்கு நானும் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனுஷர். உட்காரவைத்து, ஒரு தாளில் ஓடுபாதையைப் போட்டு, அதன் முனையிலிருந்து சாய்வாக ஒரு கோடு இழுத்தார். இந்தக் கோட்டுக்கு மேல் எதுவும் தலை நீட்டக் கூடாது, வீடும் கூடாது, மரமும் கூடாது. அந்த உயரத்தை உங்கள் வாசலிலிருந்து அளப்பதில்லை, கடல் மட்டத்திலிருந்து அளக்கிறோம் என்றார். பள்ளத்தில் இருக்கிறவனுக்கு இரண்டு மாடி கிடைக்கும். மேட்டில் இருக்கிற எங்களுக்கு இருக்கிற கூரையே அந்தக் கோட்டில் தலை தட்டுகிறது.

"பெங்களூர்ல ஏது சார் கடலு?" என்றார் நைனா.

அவர் சிரிக்கவில்லை. "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான், பெரியவரே. ஆகல்லா" என்று கன்னடத்தில் 'ஆகாது' சொல்லி முடித்துவிட்டார். விதியைக் குறை சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வராது. விமானத்தில் வருகிறவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்தானே. ஆனால் ஆயுசெல்லாம் பூமிக்கு அடியில் ஆழத்தை அளந்த மனுஷன் ஆசைப்பட்டு மேடேறி வந்தால், அந்த மேடேவா காலை வாரிவிட வேண்டும்?

மேஸ்திரி ஒரு வழி சொன்னார். "பின்னாடி மேட்டை வெட்டி எறக்கிடலாம் நைனா. பாதி ரூம்பு தரைக்குக் கீழ, பாதி மேல. ரூலும் கெடாது, புள்ளைக்கும் எடம் ஆச்சு." எங்களுக்கெல்லாம் அது சரியாகத்தான் பட்டது. அண்ணனே, "எனக்கு ஓகே நைனா" என்றான். நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "எம் புள்ளையப் பள்ளத்துல வெக்க மாட்டேன்." அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அண்ணன் ஜீவனஹள்ளியில் வாடகைக்குப் போனான். அண்ணி மேல் பழி போடாதீர்கள், தங்கமான பெண். ஒரு ரூமும் ஒரு ஹாலும் இருக்கிற வீட்டில், வயிற்றில் பிள்ளையோடு எத்தனை நாள்தான் ஹாலில் படுப்பாள்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சிவாஜிநகரில் கறி வாங்கி ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு அண்ணன் வந்துவிடுவான். அம்மா மசாலாவை அரைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கறி வரவில்லை. வழியில் தண்ணீர் லாரி. அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை, மன்னித்துவிடுங்கள். அரைத்த மசாலா அடுத்த நாள் வரைக்கும் அம்மியிலேயே காய்ந்து கிடந்தது.

எங்களில் புதைப்பதுதான் வழக்கம். முதல் பிடி மண் போடச் சொல்லி நைனாவின் கையில் மண்ணைக் கொடுத்தார்கள். அவர் குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். "பள்ளத்துல வெக்க மாட்டேன்னு சொன்னேனேப்பா" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. "சொன்னேனே... எல்லாரும் கேட்டீங்களே." கை விரிய மாட்டேன் என்றது. கடைசியில் நான்தான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து, விடிந்ததும் விடியாததுமாகக் கொல்லையில் சத்தம். போய்ப் பார்த்தால் நைனா கடப்பாறையால் மேட்டை வெட்டிக்கொண்டிருக்கிறார். சுரங்கத்தூசி அடைத்த நெஞ்சு, ஒவ்வொரு குத்துக்கும் இழுக்கிறது. "மேஸ்திரி சொன்னாரு இல்ல, வெட்டினா ரூம்பு வரும்னு." அம்மா கடப்பாறையைப் பிடுங்கவில்லை, திட்டவும் இல்லை. பக்கத்தில் போய் மண்ணிலேயே உட்கார்ந்தாள். "யாருக்குய்யா ரூம்பு?" என்று மெதுவாகக் கேட்டாள். நைனா கடப்பாறையைச் சுவரில் சாய்த்து வைத்தார். ஆனால் கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் பூசுவதை மட்டும் அவர் விடவே இல்லை. அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டோடு போன பிறகும், பெரிய விமானங்களெல்லாம் தேவனஹள்ளிப் புது ஏர்போர்ட்டுக்குப் போன பிறகும், ஏணியில் ஏற முடிந்த வரைக்கும் பூசினார். பிறகு அவர் போனார், பின்னாலேயே அம்மாவும் போனாள். தனியாக அந்த வீட்டில் இருக்க என்னால் முடியவில்லை. விற்றேன்.

போன வாரம் போனபோது அங்கே கொல்லைப்புறத்தையே காணோம். ஜேசிபி மேட்டைக் கடைந்து, வீட்டின் முதுகு வரைக்கும் பெரிய பள்ளமாக்கி வைத்திருந்தது. விளிம்பில் நின்று பார்த்தால் ஈர மண்ணின் வாசனை. மஞ்சள் தொப்பி போட்ட எஞ்சினியர் தம்பி ஓடி வந்தார், பழைய ஓனர் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"ஹைட் ரூல் இன்னும் இருக்கு மேடம். அதான் மேட்டை ஃபுல்லா எறக்குறோம். கீழ பார்க்கிங், அதுக்கு மேல ரெண்டு ஃப்ளோர் கிடைக்கும். சிம்பிள்."

"எங்க நைனா..." என்று ஆரம்பித்தேன். அப்போது சோதனை விமானமோ என்னவோ, இன்னும் எப்போதாவது ஒன்று இந்தப் பக்கம் இறங்குகிறது, தலைக்கு மேல் உறுமிக்கொண்டு வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு மேலே பார்த்தேன். அது போகட்டும் என்று காத்திருந்தேன். எஞ்சினியர் தம்பி பாவம், நிறுத்தவில்லை. பள்ளத்தைக் காட்டிக் காட்டிச் சத்தத்துக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தார். சத்தம் அடங்கியது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்தான். ஆனால் அதற்காகக் காத்திருந்து கேட்க அங்கே யாரும் இல்லை.