பசு தின்ற விரிப்பு

என் மகள் நான்காம் வகுப்பு படிக்கும்போதும் தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிடுவாள். என்னையும் என் மனைவியையும் தவிர யாருக்கும் இது தெரியாது. கொச்சி மட்டாஞ்சேரியில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுக்கு நடுவில் இதை மறைத்து வைக்க முடிந்ததற்கு ஒரே காரணம் என் தொழில். நாங்கள் துணி வெளுக்கிறவர்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அப்பாவோடு துவைக்கும் தொட்டியில் இறங்கியவன் நான். எங்கள் கொடியில் தினமும் ஒரு விரிப்பு காய்ந்தால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்?

அப்படியிருக்கும்போதுதான் ஓணம் லீவுக்கு முன்னால் சகலை வந்தார். என் மனைவியின் அக்கா புருஷன். கலூரில் வீடு, டிராவல்ஸ் ஒன்றில் வேலை.

"தொடுபுழைக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணை தம்பி. பசு, குருமுளகுக் கொடி, கப்பைக் கிழங்கு எல்லாம் இருக்கு. ரெண்டு குடும்பமும் போய் அங்கயே டென்ட்டுல தங்கலாம்."

"டென்ட்டா? பாம்பு கீம்பு வராதா அண்ணே?"

"உள்ள கட்டில், மெத்தை, பாத்ரூம் எல்லாம் உண்டு. ஹோட்டல் மாதிரி. பாம்பு வந்தா அதுக்கும் ஒரு மெத்தை போடச் சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பாம்பு பெரிய பயமில்லை. சகலையின் மகள்தான் பயம். என் மகளைவிட இரண்டு வயது மூத்தவள். யாருக்கு என்ன குறை என்று கண்டுபிடித்துப் பட்டப்பெயர் வைப்பதில் கெட்டிக்காரி. அவர்கள் போன பிறகு என் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்காவுக்குத் தெரிஞ்சா நான் செத்துப் போயிடுவேன்பா."

"தெரியாது. நான் பாத்துக்கறேன்" என்றேன். சொல்லிவிட்டு முதல் வேலையாக ஒரு ரப்பர் ஷீட்டைத் தேடி எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

ஜீப் மலையேறும்போது பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள். மடியில் இருந்த பைக்குள் ரப்பர் ஷீட் இருக்கிறதா என்று நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். குடும்பத்துக்கு ஒரு டென்ட் என்று தெரிந்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. உள்ளே போய் முதலில் கட்டில் விரிப்பைத்தான் தடவிப் பார்த்தேன். பருத்தி, தூய வெள்ளை, கஞ்சி போட்டு மொடமொடவென்று இருந்தது. வேறு எந்த நிறமாக இருந்திருந்தாலும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மெத்தைக்கு மேல் ரப்பர் ஷீட்டைப் போட்டு, அதன்மேல் விரிப்பை இழுத்துச் செருகி, சுருக்கம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தேன்.

"வந்த இடத்துலயும் மெத்தையைத்தான் பாக்கறீங்க. வெளிய போய் மலையைப் பாருங்க" என்றாள் என் மனைவி.

பார்த்தேன். மலை இருந்தது.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் நான் எழுந்தேன். விரிப்பு நனைந்திருந்தது. மெத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மகள் கண்ணை மூடியிருந்தாள், ஆனால் தூங்கவில்லை. இமை துடித்துக்கொண்டிருந்தது. அவளைத் தூக்கி உடுப்பு மாற்றச் சொல்லிவிட்டு விரிப்பைச் சுருட்டினேன்.

"அப்படியே போட்டுட்டுப் போனா அவங்க எடுத்துப் போவாங்களே" என்றாள் மனைவி.

அவளுக்குத் தெரியாதா என்ன? ஹோட்டல் அழுக்குத் துணி மூட்டையைப் பிரிக்கும்போது நாங்கள் தொட்டிக்கரையில் என்னவெல்லாம் பேசிக்கொள்வோம்! எந்த விரிப்பில் குழம்பு, எதில் சாராயம், எதில் ரத்தம் என்று பார்த்ததுமே சொல்லிவிடுவோம், சொல்லிச் சிரிப்போம். இங்கேயும் யாரோ ஒருவர் பிரிப்பார், பார்ப்பார். அவர் வாயை நான் எப்படி மூடுவது?

தொழுவத்துக்குப் பின்னால் ஒரு குழாயும் கல்லும் இருந்தன. ஆளில்லை. சத்தம் வராமல் துணி அடிப்பது எப்படி என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். துவைத்துப் பிழிந்தபின் இன்னொரு கவலை வந்தது. கஞ்சி போடாமல் காயவைத்தால், மொடமொடவென்று இருக்கும் மற்ற விரிப்புகளுக்கு நடுவில் இது மட்டும் தொளதொளவென்று தனியாகக் காட்டிக்கொடுக்கும். தொழுவத்து வாசலில் ஒரு வாளி நிறையக் கஞ்சித் தண்ணீர் இருந்தது. லேசாகப் புளித்திருந்தது, பரவாயில்லை. கொஞ்சம் எடுத்து நீர் விட்டு முக்கினேன். வெயில் முதலில் விழுந்த இடம் தொழுவத்தின் ஓரம்தான். அங்கே கயிறு கட்டினேன். நாங்கள் கிளிப் போடுவதில்லை. இரண்டு கயிற்றை முறுக்கி, முறுக்குக்கு இடையில் துணியின் முனையைச் செருகுவோம். எந்தக் காற்றுக்கும் விடாது.

அந்தக் கஞ்சித் தண்ணீர் பசுவுக்கு வைத்தது என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. கஞ்சி என்றால் துணிக்கு. எங்களுக்கு வேறு அர்த்தம் தெரியாது.

காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். புட்டும் கடலையும் முன்னால் இருந்தன. சாயா வந்தது. காய்ந்திருக்குமா, மடித்து வைத்துவிடலாமா என்று நான் எழ நினைத்தபோது பண்ணைக்காரச் சேச்சியின் கூப்பாடு கேட்டது.

"அய்யோ! பசு ஷீட் தின்னுன்னே! ஓடி வாயோ!"

ஓடினோம். பசு கயிறு இழுபடும்வரை கழுத்தை நீட்டி விரிப்பின் ஒரு முனையை வாய்க்குள் வாங்கியிருந்தது. அது இழுக்க, என் முறுக்குக் கயிறு விடாமல் பிடித்துக்கொள்ள, நடுவில் துணி கிழிந்துகொண்டிருந்தது. சேச்சியின் புருஷன் சேட்டன் பசுவின் தாடைக்குள் கையை விட்டு மீதியை உருவினார். விரித்துப் பார்த்தால் ஒரு கை அகலத்துக்குத் துணியைக் காணோம்.

"இதை யார் இங்க போட்டது?" என்றார் சகலை.

பேசாமல் இருந்தாலும் என் முகமே சொல்லியிருக்கும். "நான்தான் அண்ணே. பழக்கதோஷம்."

"பாத்தியா!" என்று அவர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "டூர் வந்த இடத்துல துணி வெளுக்கறாரு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மாட்டையும் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணியிருப்பாரு!"

"நாணக்கேடு" என்றாள் மனைவியின் அக்கா, தங்கையிடம் மெதுவாக. ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி.

எனக்கு அதில் வருத்தமே இல்லை. சிரிக்கட்டும். சிரித்துவிட்டுப் போய்ப் புட்டைத் தின்னட்டும். ஆனால் சேச்சி சிரிக்கவில்லை. கிழிந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஷீட்டு விருத்தி இல்லாயிருந்நோ? ஞான் தன்னே அலக்கி இட்டதாணல்லோ."

சுத்தமாக இல்லையா, நானே துவைத்துப் போட்டதாயிற்றே என்று கேட்கிறாள். ஆமாம் என்றால் அவள் மனம் நோகும். இல்லை என்றால், பிறகு எதற்குத் துவைத்தாய் என்று அடுத்த கேள்வி வரும். சாயா கொட்டிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அப்போதுதான் முதல் சாயாவே வந்திருந்தது. சகலை வேறு, "சொல்லுங்க தம்பி, என்ன குறை கண்டீங்க?" என்று விடாமல் கேட்டார்.

"ஷீட் நல்லாத்தான் இருந்துச்சு சேச்சி."

என் மகள். கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தவள் முன்னால் வந்துவிட்டாள். "நான்தான் ராத்திரி மூத்திரம் போயிட்டேன். அதான் அப்பா அலக்குனாரு. அப்பாவைச் சொல்லாதீங்க."

என் மனைவி மகளின் தோளைப் பிடிக்கப் போனாள், அவள் உதறிவிட்டாள்.

"அய்யே!" என்று மூக்கைப் பிடித்தாள் சகலையின் மகள். "இவ்வளவு பெரிய பொண்ணு! மூத்திரக்காரி!"

நான் இத்தனை நாளும் கற்பனையில் கேட்டுப் பயந்திருந்த அதே குரல், கிட்டத்தட்ட அதே வார்த்தை.

என் மகள் திரும்பினாள். "உன் தலையில நிறையப் பேன் இருக்கு. நேத்து ஜீப்புல என் மேலகூட ஒண்ணு ஏறுச்சு. நான் யார்கிட்டயாவது சொன்னேனா?"

மனைவியின் அக்கா கை தானாகத் தன் மகளின் தலைக்குப் போனது. சகலை இருமினார். சேட்டன் பசுவின் கழுத்தைத் தட்டிக்கொண்டே வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார்.

சேச்சி மட்டும் குனிந்து, "அத்ரேயுள்ளோ மோளே?" என்றாள். அவ்வளவுதானா என்கிற மாதிரி.

"சேச்சி, பசு செத்துப் போகுமா?" என்று கேட்டாள் என் மகள். அவள் கண் அப்போதுதான் நிறைந்தது.

"ஒண்ணும் வராது. இது பண்டு என்றெ முண்டு ஒண்ணு தின்னுட்டுண்டு."

சேச்சி உடுத்தும் வேட்டியையே முன்பு ஒருமுறை தின்ற பசுவாம். அதைக் கேட்டு இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு சேச்சி பால் கறக்கும்போது ஒன்றாகவே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அங்கே பேனைப் பற்றிச் சண்டை, மூத்திரத்தைப் பற்றிச் சண்டை, இடையில் சிரிப்பு.

எனக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அத்தனை நாள் சுமந்த பயம் ஒரு நிமிஷத்தில் வேலையில்லாமல் நின்றது. எல்லோரும் அருவி பார்க்கப் போனார்கள். நான் போகவில்லை. வயிற்றுக்குள் போன துணி என்ன செய்யுமோ என்று, தொழுவத்து ஓரத்தில் உட்கார்ந்து அந்தப் பசு அசைபோடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசைபோட்டது. கொஞ்சம் நிறுத்தியது. நான் எழுந்து நின்றேன். மறுபடியும் அசைபோட்டது.